ஸ்பேனரை வாங்கிய கை

பயமாக இருந்தால் இதை அமுக்குங்கள் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாளே, அதுதான் கமாண்டர் சந்திரபோஸுக்குப் பொறுக்கவில்லை. வலித்தால் என்று சொல்லியிருக்கலாம். இருமல் வந்தால் என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது வேணும்னா என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். அதெல்லாம் இல்லை, பயமா இருந்தா அமுக்குங்க தாத்தா. தாத்தாவாம். யாருக்கு யார் தாத்தா? வலது கையில் ஒரு ரப்பர் உருண்டையைத் திணித்திருக்கிறாள், பழைய ஆட்டோ ஹாரனில் இருக்குமே அந்த மாதிரி ஒன்று. அதன் வாலிலிருந்து ஒரு குழாய் அவர் இடுப்பை ஒட்டி ஓடி எங்கேயோ வெளியே போகிறது. அமுக்கினால் அவள் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி அறையில் மணியடிக்குமாம், உடனே வெளியே இழுத்துவிடுவாளாம். ஷமீமா என்று சட்டையில் பேர் குத்தியிருந்தது, அவர் மகள் வயசில் பாதிகூட இருக்காது. மகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். வரவேற்பில் உட்கார்ந்திருந்தவனிடம் ஆரம்பித்து, வீல்சேர் தள்ளியவனிடம் சொல்லி, இந்தப் பெண்ணிடமும் சொல்லியாயிற்று: எங்கப்பா சப்மரீன்ல இருந்தவரு, தீயில அடைபட்டுக் கெடந்து மெடல் வாங்குனவரு, அவருக்கு இந்த ஸ்கேனெல்லாம் ஒரு விஷயமா. எழிலரசி இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகவே அவர் எத்தனையோ தடவை வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், அப்படிங்களா என்றாள், அப்புறம் அவர் கையில் உருண்டையைக் கொடுத்து அந்த வார்த்தையைச் சொன்னாள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். பல் செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டாயிற்று, வார்த்தை காற்றாக வந்தது, அவள் அதற்குள் முகத்தின் மேல் ஒரு கூண்டை மாட்டிவிட்டாள்.

கூண்டு மூக்குக்கு மேலே ஒரு விரல்கடை தூரத்தில் நிற்கிறது. அதற்கு மேலே, அவரை உள்ளே தள்ளியிருக்கும் ஸ்கேன் குழலின் கூரை. வெள்ளை நிறம், கீறல் இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை. இந்த மாதிரி இடத்தில் பார்ப்பதற்கு ஏதாவது வைக்க வேண்டும் என்றுகூட இவர்களுக்குத் தோன்றவில்லையே. நீர்மூழ்கிப் படகில் கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே குழாய்களும் வால்வுகளும் இருக்கும், ஒவ்வொன்றிலும் ரஷ்ய எழுத்தில் பேர் எழுதியிருக்கும், தூக்கம் வராவிட்டால் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கலாம். இங்கே முதுகுப் பக்கம் திறந்த ஒரு பச்சை அங்கியை மாட்டிவிட்டு, குளிரில் போட்டு, வெறும் வெள்ளையைப் பார் என்கிறார்கள். அசையாதீங்க என்று காதுக்குள் குரல் வந்தது. அசைந்தால் படம் கலங்குமாம், கலங்கினால் முதலிலிருந்து எடுக்க வேண்டுமாம். அதுவும் முடியவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். மயக்க மருந்து வேண்டவே வேண்டாம் என்கிறார் இதய டாக்டர். எடுக்காமல் விட முடியாது என்கிறார் நரம்பு டாக்டர், ஏனென்றால் கால்கள் மரத்துக்கொண்டே வருகின்றன, முதுகுத் தண்டில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். ஆக எல்லாருக்கும் நடுவில் இவர் ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும், உருண்டையைத் தொடாமல். கிடப்பார். ஏன் கிடக்க மாட்டார்? ஊரே சொல்கிறதே அவருக்குப் பயமே கிடையாது என்று. டக் டக் டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது. ரோட்டைத் தோண்டுகிற மாதிரி ஒரு சத்தம், காதில் பஞ்சை அடைத்து மேலே ஒரு மூடியையும் மாட்டியிருந்தும் பல்லில்லாத ஈறு வரைக்கும் அதிர்கிறது. இதுக்குப் பேர் விஞ்ஞானமா?

பயமே கிடையாது. அதை முதலில் யார் சொன்னது? ராமநாதபுரத்தில் அவருடைய அப்பா சொன்னார், பேர் வைத்தபோதே சொல்லிவிட்டார். போஸ் என்று பேர் வைத்தவனுக்குப் பயம் எங்கிருந்து வரும்? கடற்படை அகாடமியில் சேர்ந்தபோது சொன்னார்கள், ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போனபோது சொன்னார்கள். முதல் தடவை கடலுக்கடியில் இறங்கின அன்றைக்கு விளக்குக் கண்ணாடி மூடியில் கடல்தண்ணீரைப் பிடித்து ஒரே மடக்காகக் குடிக்கச் சொல்வார்கள், அதுதான் வழக்கம், குடித்தவன் நீர்மூழ்கிக்காரன். அவர் குடித்துவிட்டு இன்னொரு மூடி கேட்டார். அதையும் பயமின்மைக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். உண்மையில் முதல் மூடியில் பாதியைத் தாடையில் வழியவிட்டு ஏமாற்றியதாக அவருக்கே ஒரு சங்கடம் இருந்தது, அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை வீட்டில். படகில் அந்தத் தீ விபத்து நடந்த பிறகு அவர் லிஃப்டில் ஏறியதில்லை. எந்த ஊரில், எந்த மாடியில் உறவுக்காரன் குடியிருந்தாலும் படியேறித்தான் போவார். அதைப் பார்த்து, நேவி உடம்பு பாருங்க, இந்த வயசுலயும் படிதான் என்பார்கள். குளியலறைக் கதவை அவர் தாழ்ப்பாள் போட்டதில்லை, சாத்தி வைத்து ஒரு வாளியை முட்டுக் கொடுப்பார். கப்பல்ல அப்படித்தான், கூச்சமே இருக்காது என்று எழில் தன் மாமியாரிடம் விளக்கம் சொன்னாள். கப்பலில் அப்படியென்று இவளுக்கு யார் சொன்னது? படுக்கையறையில் விடிவிளக்கு எரிய வேண்டும் அவருக்கு. அது ராத்திரிக் காவலுக்குப் பழகியவர் என்பதாலாம். அவர் மனைவி தமயந்தி மட்டும் எதையும் விளக்கியதில்லை. அவர் கேட்காமலே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படுப்பாள். ஆனால் அவளும் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் ஒரு தடவை சொல்ல ஆரம்பித்தபோது, உங்களுக்காவது பயமாவது, பேசாமப் படுங்க என்று நெற்றியில் கையை வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆகப் போகிறது, அந்த ஒரு பதிலுக்காக அவள் மேல் அவருக்கு இன்னும் கோபம் உண்டு.

சத்தம் நின்றது. திடீரென்று நின்றதும் காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது, அது இன்னும் மோசம். குழலுக்குள் காற்று வருகிறதா? கால் பக்கத்திலிருந்து லேசாக ஒரு விசிறிக் காற்று வந்த மாதிரி இருந்ததே, அது எங்கே? வருகிறது, வருகிறது. மூக்கால் இழு, வாயால் விடு. அன்றைக்கும் இப்படித்தான் ஒரு சத்தம் நின்றது, மோட்டார்கள் நின்றன. படகு தண்ணீருக்கடியில் இருந்தது, ஒத்திகைதான், யுத்தமில்லை ஒன்றுமில்லை. அவர் சுற்றிப் பார்த்துக்கொண்டு பின்புறத்து மோட்டார் அறைக்குள் நுழைந்த நேரம். உள்ளே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். சீஃப் குரியன், காயங்குளத்துக்காரர், நரைத்த மீசை. இன்னொருவன் எலக்ட்ரீஷியன் அப்பலநாயுடு, ஸ்ரீகாகுளத்துப் பக்கம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கைராசிக்காரன். சுவிட்ச்போர்டின் பின்னாலிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் வந்தது, பிறகு புகை, பிறகு தீ. நீர்மூழ்கியில் அதற்கு ஒரு சட்டம் உண்டு. எந்த அறையில் விபத்தோ அந்த அறையில் இருப்பவர்கள் தங்களை உள்ளே வைத்துக் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஓடக் கூடாது. வெளியே இருப்பவர்கள் திறக்கக் கூடாது. பக்கத்து அறையில் இன்னும் எத்தனையோ பேர், அதற்கடியில் பாட்டரி, அங்கே தீ போனால் படகே போயிற்று. பயிற்சியில் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்திருந்தார்கள், ஆகவே கை தானாகப் போயிற்று. வட்டக் கதவை இழுத்துச் சாத்தி நெம்புகோலைத் திருகியது அவர்தான். அதில் வீரம் ஒன்றும் இல்லை. நாய் குரைத்தால் திரும்பிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி கை போயிற்று. பதக்கத்தோடு வாசித்த பாராட்டில் அதையும் சேர்த்திருந்தார்கள், சேர்க்கட்டும், அது நடந்ததுதான். அவருக்கு வயிறு எரிவது அதற்கு அடுத்த வரிக்காக.

மூன்று பேரும் மூச்சுப் பையை மாட்டிக்கொண்டு நுரைக் குழாயைப் பிடித்து அடித்தார்கள். தீ அடங்கியது, புகை அடங்கவில்லை. விளக்கு போய்விட்டது. கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தால் கை தெரியவில்லை. வெளியிலிருந்து தட்டினார்கள், உயிரோடு இருக்கிறீர்களா என்று அர்த்தம். குரியன் பதிலுக்குத் தட்டினார், இருக்கிறோம். அப்புறம் யாரும் தட்டவில்லை. சுவர்த் தகடு சூடேறி வருவது முதுகில் தெரிந்தது. நேரம் என்று ஒன்று அங்கே இல்லை. மூச்சுப் பைக்குள் தன் மூச்சின் சத்தம் மட்டும்தான், அது வர வர வேகமாகி, இது யாருடைய மூச்சு இப்படி இரைக்கிறது என்று யோசித்து, தன்னுடையதுதான் என்று தெரிந்துகொண்ட நேரம். அப்போதுதான் அப்பலநாயுடு ஸ்பேனரை எடுத்து அடிக்க ஆரம்பித்தான். பதில் தட்டு இல்லை அது, திறங்க, திறங்க என்கிற அடி. இடைவெளி இல்லாமல் அடித்தான். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஞாபகம் இருக்கிறது, அந்த நேரத்தில் அவர் மனசில் ஓடியது என்னவென்று. அடே மடையா, குழாயில் அடிக்கிறாயே, கதவில் அடி, கதவில் அடித்தால்தானே அவர்களுக்குக் கேட்கும். இதுதான் ஓடியது. சட்டமும் ஓடவில்லை, பாட்டரியும் ஓடவில்லை, தேசமும் ஓடவில்லை. தடவிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஸ்பேனரை வாங்கினார். வாங்கினது கதவில் அடிப்பதற்கு. அவனைவிட ஓங்கி அடிப்பதற்கு. கையை ஓங்கினார், குமட்டிக்கொண்டு வந்தது, மூச்சுப் பையின் குழல் வாயிலிருந்து நழுவியது, புகை உள்ளே போயிற்று, ஸ்பேனர் கையிலிருந்து நழுவித் தரைத்தகட்டின் இடுக்கில் விழுந்து எங்கேயோ கீழே போய்விட்டது. மண்டியிட்டுத் தேடினார். விரல் நகம் பெயர்ந்ததுகூடத் தெரியாமல் அந்த இடுக்கில் கையை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கதவு நெளிகிற வரைக்கும் அடித்திருப்பார். கிடைக்காததால் அறை அமைதியாயிற்று. பிறகு கதவுத் தகடு ஆறியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே இருந்தவர்கள் திறந்தார்கள்.

இப்போது வேறு சத்தம். கூம் கூம் என்று நீளமாக, நடுவில் ஒரு கிரீச். இதுவாவது பரவாயில்லை. உள்ளங்கை வேர்த்து ரப்பர் உருண்டை வழுக்கிக்கொண்டு போகிறது, கீழே விழுந்தால் எடுக்க முடியாது, அதனால் கெட்டியாகப் பிடித்திருக்கிறார், பிடித்திருக்கிறார், அமுக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தீயைப் பற்றிக் கரையில் நடந்த விசாரணைக் குழுவில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், மேஜைக்குப் பச்சைத் துணி. குரியன் வந்து அட்டென்ஷனில் நின்று சொன்னார், நாயுடு பயந்துபோய்த் தட்டினான், சார் போய் ஸ்பேனரை வாங்கினார், சத்தம் நின்றது. பொய் இல்லை. இருட்டில் அந்த நல்ல மனுஷனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருடைய முறை வந்தபோது சந்திரபோஸ் நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் நிறுத்துவதற்காக வாங்கவில்லை, தட்டுவதற்காக வாங்கினேன், எனக்கும் அதே பயம்தான் என்றார். தலைவராக இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எவ்வளவு அன்பாகப் பார்த்தார், அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. போஸ், ஒரு மாலுமியைக் காப்பாற்ற நீ உன் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உன் பெருந்தன்மை எங்களுக்குத் தெரியும் என்றார். இல்லை சார், உண்மை என்றார் இவர். புரிகிறது என்றார் அவர். தட்டெழுத்து இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துத் தலையசைத்தார், அவன் விரலை எடுத்துவிட்டான். என்ன புரிந்தது அந்த மனுஷனுக்கு? இன்னொரு வார்த்தை சொல்ல விடவில்லையே. கதவைத் திறக்காதது சரி. அதில் அவருக்கு அன்றைக்கும் மறுகருத்து இல்லை, இன்றைக்கும் இல்லை. கேப்டன் இடத்தில் அவர் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார். ஆனால் உள்ளே இருப்பவன் தட்டக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? திறக்காமல் இருப்பது வெளியே இருப்பவன் வேலை, தட்டுவது இவன் உயிர். இரண்டும் எப்படி மோதும்? தில்லியில் வெள்ளை உடுப்பில் நிற்க வைத்துப் பதக்கம் குத்தினபோது ஒலிபெருக்கியில் வாசித்தார்கள், நிலைகுலைந்த மாலுமியை அடக்கி, என்று. அந்த வரிதான். அவனைக் கீழே போட்டு, அந்த உயரத்தில் இவரை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் தமயந்தி அழுதுகொண்டிருந்தாள், பெருமையில்.

அப்பலநாயுடுவின் சட்டையிலிருந்து நீர்மூழ்கிக்காரர்களின் டால்ஃபின் சின்னத்தைக் கழற்றிவிட்டார்கள். கரையில் ஏதோ சாமான் கிட்டங்கியில் போட்டார்கள், சீக்கிரமே அவனாகக் கழன்றுகொண்டு ஊருக்குப் போய்விட்டான். சந்திரபோஸ் போய்ப் பார்த்தார். பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, அப்புறம் நடந்து. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு சின்னக் கடை வைத்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தான், அவனுடைய மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவன் இந்தியில் பேசினான், படகில் எல்லாரும் பேசிக்கொண்ட அதே கொச்சை இந்தி. அன்னிக்கு நீங்க ஸ்பேனரைப் பிடுங்கலேன்னா நான் பைத்தியமாயிருப்பேன் சார், என் மானத்தை நீங்கதான் காப்பாத்துனீங்க என்றான். இவர் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார். நாயுடு, நானும் தட்டத்தான் வாங்கினேன், கைதவறி விழுந்துபோச்சு, இல்லேன்னா உன்னைவிட நான்தான் அடிச்சிருப்பேன் என்றார். அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மனைவியிடம் தெலுங்கில் சொன்னான், அவள் இவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உங்க மனசு யாருக்கு வரும் சார் என்றான். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. டேய், நீ ஒருத்தன் மட்டும் பயப்படலடா என்று அந்தத் தெருவே கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அதையும் பெரிய மனசு என்பான். கிளம்பி வந்துவிட்டார். இப்போது அவன் இல்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் பழைய சிநேகிதர் ஒருவர் போனில் பேச்சுவாக்கில் சொன்னார், நாயுடு தவறிட்டான் என்று. அந்த அறையில் பயந்தவன் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டே செத்துப்போயிருக்கிறான். யார் பதில் சொல்வது இதற்கு? பச்சைத் துணி மேஜையா? பதக்கம் வாங்கின நாளிலிருந்தே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கூப்பிட்டார்கள், ஆகஸ்டுக்கும் ஜனவரிக்கும். ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று, சார் உங்களுக்கு பயமா இருக்கலையா என்று கேட்டது. இருந்தது என்றார். தலைமையாசிரியர் ஒலிவாங்கியை வாங்கி, பாத்தீங்களா மாணவச் செல்வங்களே, இதுதான் தன்னடக்கம் என்றார். ஒரே கைதட்டல். அதற்கப்புறம் அந்தக் கேள்விக்கு அவர் சும்மா சிரிப்பதோடு சரி.

மறுபடி சத்தம் மாறியது. இது அடி. டணார் டணார் டணார் என்று இடைவெளி இல்லாத அடி, இரும்பில் இரும்பு, யாரோ உள்ளே இருந்துகொண்டு அடிக்கிற மாதிரி. குழாயில் அடிக்கிறான், மடையன், குழாயில். இல்லை, இது மதுரை, இது ஸ்கேன் சென்டர், வெளியே புதூர் பஸ் போய்க்கொண்டிருக்கும், எழில் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூக்கால் இழு. கூண்டு கீழே இறங்கிவிட்டதா? மூக்கைத் தொடுகிற மாதிரி இருக்கிறதே, இறங்காது, அது பிளாஸ்டிக், இறங்காது. மூச்சு இரைக்கிறது, யாருடைய மூச்சு இது? அமுக்கக் கூடாது. அமுக்கினால் அந்தப் பொடிப்பெண் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும், படம் கலங்கிவிடும், மயக்க மருந்து, இதயம், எழில் முகத்தில் அந்த வெளிச்சம் அணைந்துபோகும். அமுக்காமல் கிடந்தால்? கிடந்தால் வெளியே போனதும் சொல்வார்கள், பாத்தீங்களா, அப்பா அசையவே இல்லை, கமாண்டராச்சே. இன்னொரு பதக்கம். பொய்யாக இன்னொன்று, இந்த வயசில், பல்லில்லாத வாயோடு, முதுகு திறந்த அங்கியில். சீ. எவனுக்கு வேண்டும் அது? நாயுடு அடித்தான். அவனுக்கு அடிக்கத் தோன்றியது, அடித்தான், அதைவிட யோக்கியமான காரியம் அந்த அறையில் வேறு எதுவும் நடக்கவில்லை. கை ஏற்கெனவே மூடிக்கொண்டிருந்தது. அவர் அமுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை. அடி நிற்கவில்லை. மறுபடி அமுக்கினார், உள்ளங்கை வலிக்க அமுக்கினார், திறக்க மாட்டார்கள், இவர்களும் திறக்க மாட்டார்கள், சட்டம் இருக்கும் இவர்களுக்கும் ஏதாவது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது அவருடையதுதான். அடி நின்றது. முதுகுக்கடியில் பலகை நகர ஆரம்பித்தது. வெள்ளைக் கூரை தலைக்கு மேலே பின்னால் போயிற்று, போயிற்று, குழல்விளக்கு தெரிந்தது, ஷமீமாவின் முகம் தெரிந்தது.

"என்னங்கய்யா, என்ன செய்யுது?" என்று கேட்டுக்கொண்டே கூண்டைத் தூக்கினாள். அவள் பின்னாலேயே எழில் ஓடிவந்தாள்.

"அப்பா! ஒண்ணுமில்லம்மா, கை தெரியாமப் பட்டிருக்கும்" என்றாள் எழில் அந்தப் பெண்ணிடம். "இதுக்கெல்லாம் அசர்ற ஆளில்ல அவரு."

"படல" என்றார் சந்திரபோஸ். பல் இல்லாமல் குரல் அவருக்கே அசிங்கமாகக் கேட்டது. "நாந்தான் அமுக்குனேன்."

எழில் சிரித்தாள். "வேல செய்யுதான்னு பாத்திருப்பாரு. எதையும் சோதிச்சுப் பாக்காம விடமாட்டாரு, நேவிப் பழக்கம்."

"எழிலு, வாய மூடு." அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை, அங்கி தோளிலிருந்து நழுவியது. "பயமா இருந்துச்சு. அதான் அமுக்குனேன்."

எழிலுக்கு வாயில் இன்னொரு பதில் தயாராக இருந்தது, அவருக்குத் தெரியும், உதட்டில் அது வந்து நின்றது. அவர் ஷமீமாவைப் பார்த்தார். அவள் முகத்தில் அந்த அன்பு வரும் என்று காத்திருந்தார், பச்சைத் துணி மேஜைக்குப் பின்னால் பார்த்தது, இளநீர் கொடுத்த வீட்டில் பார்த்தது, தலைமையாசிரியரிடம் பார்த்தது. அவள் அவருடைய அங்கியை இழுத்துத் தோளை மூடினாள்.

"சரிங்கய்யா. பயந்தா அமுக்கத்தான குடுத்துருக்கு" என்றாள். "பாதிப் பேரு அமுக்குவாங்க. ரொம்ப நேரம் சமாளிச்சுப்புட்டுத்தான் அமுக்கிருக்கீங்க, முக்கால்வாசி முடிஞ்சிருச்சு, மிச்சம் கொஞ்சந்தான். தண்ணி வேணுமா?"

அவ்வளவுதான். பாராட்டவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். இவ்வளவு சுளுவாகவா? இதற்காகவா அவர் பஸ் ஏறி ஆந்திராவுக்குப் போனார், இதற்காகவா தில்லியில் வெயிலில் நின்றார்? கோபம் மண்டைக்கு ஏறியது, அதே வேகத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது, இரண்டையும் அவரால் பிரிக்க முடியவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

"என்னத்தங்கய்யா?"

"இப்பச் சொன்னத. இவளுக்குக் கேக்கச் சொல்லு."

ஷமீமா எழிலைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "ஐயாவுக்குப் பயமா இருந்துச்சு, அமுக்குனாரு" என்றாள். "இதுல என்னங்கய்யா இருக்கு?"

எழில் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளிச்சம் அணைந்துதான் போயிருந்தது அவள் முகத்தில். அதற்குப் பதிலாக அங்கே வந்திருந்தது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை, இதற்கு முன்னால் அவள் அவரை இப்படிப் பார்த்ததில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அந்த ஸ்பேனர வாங்குனது..."

"தட்டுறதுக்கு!" என்று கத்தினார் கமாண்டர் சந்திரபோஸ். "தட்டுறதுக்குத்தாண்டி வாங்குனேன்! நாப்பது வருசமாச் சொல்றேன், ஒருத்தருமே நம்பமாட்டேங்கிறீங்க!"